மூன்று விரல் தாழ்ந்த ஞாயிற்றுக்கிழமை

முப்பத்திரண்டு வருடம் தினமும் பயணம் செய்தும் எங்கும் போய்ச் சேராத மனிதர் ஒருவர் உண்டென்றால் அது எங்கள் லிஃப்ட்காரர்தான். லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். காலையில் ஏறுவார், இறங்குவார், நடுவில் மாட்டிக்கொள்வார், மாலையில் ஏறிய இடத்திலேயே வெளியே வருவார். அவர் மனைவி நகரப் பேருந்தில் கண்டக்டர். அவர் மேலும் கீழுமாகப் போனார், அந்தம்மா முன்னும் பின்னுமாகப் போனார். இருவரும் சேர்ந்து பக்கவாட்டில்கூட எங்கும் போனதில்லை. பண்டிகை விடுமுறை நாளில்தான் கட்டடங்களில் லிஃப்டை நிறுத்திப் பழுது பார்க்க முடியும். அதே விடுமுறை நாளில்தான் பேருந்தில் கூட்டம் பிதுங்கும். ஊரே ஓய்வெடுக்க இவர்கள் இருவரும் வேலைக்குப் போயாக வேண்டும்.

அப்படிப்பட்டவருக்குப் பாய்மரப் படகு கட்டும் ஆசை எங்கிருந்து வந்தது என்பதுதான் முதல் கேள்வி. கேட்டால், "பொழுது போகல" என்பார். நாற்பத்திரண்டு அடி நீளத்துக்கா ஒருவருக்குப் பொழுது போகாமல் இருக்கும்? உண்மைக் காரணம் அவர் வீட்டுச் சமையலறையில் இருந்தது. அந்தம்மா ஒருநாள் இடது முழங்காலில் வெந்நீர்த் துண்டைச் சுற்றிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தபோது பேச்சு இப்படிப் போயிருக்கிறது:

"படகு ஒண்ணு கட்டலாம்னு இருக்கேன், கண்டக்டர்."

வீட்டிலும் அவர் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவார்.

"எதுக்குங்க?"

"நீயும் நானும் ஏறி, கரையோரமாவே எங்கயாவது போய்க்கிட்டே இருக்கலாம்."

"சாயுமா?"

"எது?"

"படகுதான். சாயுமான்னு கேட்டேன்."

இந்தக் கேள்விக்குப் பின்னால் இருபத்தாறு வருடச் சரித்திரம் இருக்கிறது. கூட்டம் படிக்கட்டில் தொங்கினால் பேருந்து படிக்கட்டுப் பக்கம் சாயும். சாய்ந்த தரையில், தாழ்ந்த பக்கத்தில் எப்போதும் அந்தம்மாவின் இடது கால். வலது செருப்பு ஒன்று தேய்வதற்குள் இடது செருப்பு மூன்று தேயும். கடைசியில் முழங்காலே தேய்ந்தது. டாக்டர், "சமதரையில நடங்க, சரிவுல நிக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்தம்மாவின் பாதம் ஒரு கருவியாகிவிட்டது. யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றி இரண்டு எட்டு வைத்ததும், கொட்டிய தண்ணீர் எந்த மூலைக்கு ஓடும் என்று சொல்லிவிடுவார். கொத்தனார்கள் அவரைக் கண்டால் எதிர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

"ஆடினா ஆடட்டும், ஆடி ஆடிப் பழகின உடம்புதான். சாயக் கூடாது. சாஞ்சா நான் ஏற மாட்டேன். நீங்க மட்டும் போய்ட்டு வந்து கதை சொல்லுங்க."

லிஃப்ட்காரர் நூலகத்தில் மூன்று மாதம் குடியிருந்தார். சாதாரணப் பாய்மரப் படகு, காற்று அடித்தால் அடித்த பக்கத்துக்கு எதிர்ப் பக்கம் சாய்ந்துதான் ஓடும் என்று படித்து மனம் உடைந்தார். பிறகு இரட்டைப் படகு கண்ணில் பட்டது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஒல்லியான உடல்கள், நடுவில் ஒரு மேடை, மேடையில் பாய்மரம். காற்றில் அவ்வளவாகச் சாயாது, மேசை போல நிற்கும். அன்றே வரைபடத்துக்கு எழுதிப் போட்டார்.

படகு வளர்ந்த இடம் மூடிப்போன ஓட்டுத் தொழிற்சாலையின் காயவைக்கும் கொட்டகை. கேள்விப்பட்ட எல்லோரும் கேட்டது ஒன்றே: "கட்டி முடிச்சதும் வாசல் வழியா வெளிய வருமா?" அவர்களை ஏமாற்றுவதற்கு வருந்துகிறேன். அவர் படகை அளப்பதற்கு முன்பே வாசலை அளந்தவர். இந்த மனிதர் அந்த மாதிரித் தப்பு செய்பவர் இல்லை. இவர் செய்த தப்பு வேறு.

ஒற்றை ஆளால் ஆகிற வேலையா இது? உதவிக்கு ஆள் தேட அவர் கண்டுபிடித்த வழியைப் பாருங்கள். லிஃப்டுக்குள் நிற்கிறவனுக்குப் படிக்க என்ன இருக்கிறது? எத்தனை பேர் ஏறலாம் என்ற தகடு ஒன்றுதான். அதை அவன் வருடக்கணக்காக மனப்பாடம் செய்கிறான். அந்தத் தகட்டுக்குக் கீழே, தன் பொறுப்பில் இருந்த பத்தொன்பது லிஃப்டுகளிலும், இவர் ஒரு சீட்டு ஒட்டினார்: "படகு கட்டுகிறேன். சனி, ஞாயிறு வரலாம். அனுபவம் வேண்டாம். பழைய சட்டை வேண்டும்."

வந்தார்கள். முதல் வாரம் வேடிக்கை பார்க்க, இரண்டாம் வாரம் குறை சொல்ல, மூன்றாம் வாரம் உப்புத்தாளோடு. சனிக்கிழமைக்காரர்களுக்குத் தலைவராக அமைந்தவர் ஒரு பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமைக்காரர்களுக்கு ஒரு பேக்கரிக்காரர். அவருக்கு வலது கையாக, ஓய்வு பெற்ற டைப்பிஸ்ட் அம்மா ஒருவர். டாக்டருக்கு ஞாயிறன்று வர முடியாது, பேக்கரிக்காரருக்குச் சனியன்று கடை. ஆகவே இரண்டு கூட்டமும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. ஒருவர் செய்ததில் இன்னொருவர் கை வைத்துச் சண்டை வரக் கூடாது என்று லிஃப்ட்காரர் நியாயமான ஏற்பாடு ஒன்று செய்தார். இடது உடல் சனிக்கு, வலது உடல் ஞாயிற்றுக்கு.

நியாயமான ஏற்பாடுகளால் உலகத்தில் விளைந்த கேடுகளைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதலாம்.

முதல் வருடம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிளைவுட்டை வளைத்து ஒட்டினார்கள். ஒட்டியதன் மேல் ஃபைபர் துணியை விரித்து, காய்ந்தால் கல்லாக இறுகும் ரெசின் பசையால் நனைத்தார்கள். பேக்கரிக்காரர் ரெசினை மாவு போல எடை போட்டுத்தான் கலப்பார், ஒரு கிராம் பிசகினாலும் கொட்டிவிட்டு மறுபடி கலப்பார். பல் டாக்டர் ஆணி போன துளைகளை அடைக்கும் அழகைப் பார்த்தால், வாயைத் திறந்துகொண்டு போய் உட்கார்ந்துவிடலாம் என்று தோன்றும். இரண்டாம் வருடம் ஒரு ஞாயிறன்று பேக்கரிக்காரர் எதிர்ப் பக்கத்தைத் தட்டிப் பார்த்தார்.

"சனிக்காரங்க எத்தனை அடுக்கு துணி போட்டாங்க அண்ணே?"

லிஃப்ட்காரருக்குப் பொய் வராது. "நாலு."

"அப்ப நமக்கு அஞ்சு."

அடுத்த சனி டாக்டர் தட்டிப் பார்த்தார். ஐந்து அங்கேயும் ஆனது. அங்கே அலமாரி வந்தால் இங்கே கட்டில் வந்தது. இங்கே கட்டிலுக்கடியில் இழுப்பறை வந்தால் அங்கே இழுப்பறைக்குள் இழுப்பறை வந்தது. நேரில் பேச வழியில்லாததால் சாக்கட்டியால் படகின் மேலேயே கடிதப் போக்குவரத்து நடந்தது. "இந்த இடத்தில் மேடு உள்ளது, கவனிக்கவும் - ஞாயிறு." அதன் கீழே: "கவனித்தோம். அது உங்கள் பார்வையில் உள்ள மேடு - சனி."

லிஃப்ட்காரர் ஏன் தடுக்கவில்லை? காசு வாங்காமல் வந்து வேர்வை சிந்துகிறவனிடம் "இவ்வளவு நன்றாகச் செய்யாதே" என்று எந்த வாயால் சொல்வது? அதோடு, தடுக்கத் தேவையில்லை என்றும் அவர் நினைத்தார். "ரெண்டு பக்கமும் ஒண்ணைப் பாத்து ஒண்ணு செய்யுது. இங்க ஏத்தினா அங்கயும் ஏத்தறாங்க. தானா சமமாயிடும்" என்பார். லிஃப்டுக்கு எதிர் எடை எப்படியோ, சனிக்கு ஞாயிறு அப்படி. வாழ்நாள் முழுக்க ஒரு பெட்டிக்கு இன்னொரு பாரம் ஈடு கொடுப்பதைப் பார்த்தவருக்கு அந்த நம்பிக்கை இயல்பாக வந்தது.

ஐந்தாம் வருடம் அந்த நம்பிக்கைக்குப் பல் டாக்டர் வேட்டு வைத்தார். எங்கேயோ எதையோ படித்துவிட்டு ஒரு சனிக்கிழமை புது மனிதராக வந்தார். "படகுக்கு எடைங்கிறது சொத்தை. விட்டு வெச்சா உள்ள போயிட்டே இருக்கும். எடுத்துடணும்" என்றார். கையில் துளைபோடும் கருவி இருந்தது. அலமாரிப் பலகைகளில் வரிசையாகத் துளை போட்டார்கள். இழுப்பறைகளைக் கழற்றித் துணிப் பை தொங்கவிட்டார்கள். ஒரு அடுக்கையே உப்புத்தாளால் தேய்த்து எடுத்தார்கள். கதவு இருந்த இடத்தில் திரைச்சீலை வந்தது.

லிஃப்ட்காரர் பதறவில்லை. மூன்று வருடமாக ஈயடிச்சான் காப்பி அடித்தவர்கள் இதையும் அடிப்பார்கள் என்று காத்திருந்தார். ஞாயிறு வந்தது. டைப்பிஸ்ட் அம்மா துளைகளையும் திரைச்சீலையையும் பார்த்தார், கண் கலங்கினார்.

"பாவம்பா, சனிக்காரங்களுக்கு மரம் தீந்து போச்சு போல. இருக்கறதையே ஓட்டை போட்டு எடுக்கறாங்க."

"நம்ம மிச்சப் பலகையைக் கொடுத்துடலாமா அக்கா?"

"கொடுத்தா அவங்க மானம் போயிடும். பேசாம நம்ம பக்கத்துல இன்னொரு அலமாரி அடிச்சிடு. வேணும்னா அவங்க சாமானையும் இதுல வெச்சுக்கட்டும்."

நல்ல மனசுக்காரர்கள். அந்த நல்ல மனசு மட்டுமே நாற்பது கிலோ வந்தது.

இந்த ஆறு வருடத்தில் கண்டக்டரம்மா மாதம் ஒருமுறை கொட்டகைக்கு வருவார், வாசலோடு நிற்பார். "ஏறிப் பாருங்கம்மா" என்று எத்தனையோ பேர் கூப்பிட்டாயிற்று. "தண்ணில வெச்சதும் கூப்பிடுங்க. தரையில எல்லா வண்டியும் நேராத்தான் நிக்கும்" என்பதோடு சரி. அவருக்கு ஓய்வு கிடைத்தது. மறு வருடம் கணவருக்கும் கிடைத்தது. வீட்டில் முதன்முறையாக இருவரும் ஒரே நேரத்தில் சாப்பிட்டார்கள்; என்ன பேசுவது என்று தெரியாமல் படகைப் பற்றியே பேசினார்கள் என்று கேள்வி.

படகை இறக்க வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார்கள். சனி என்றால் ஞாயிறு கோபித்துக்கொள்ளும், ஞாயிறு என்றால் சனி. கிரேன் வந்தது, படகுத்துறையில் இரண்டு கூட்டமும் முதன்முறையாக எதிரெதிரே நின்றது. பல் டாக்டரும் பேக்கரிக்காரரும் ஒருவரை ஒருவர் உற்றுப் பார்த்தார்கள்.

"நீங்க நாலாவது மாடி கிளினிக்தானே?"

"நீங்க ரெண்டாவது மாடிக்கு ரொட்டி கொண்டு வரவரு! ஆள் வர்றது தெரிஞ்சும் கதவை மூடற பட்டனை அமுக்குவீங்களே!"

"ரொட்டி ஆறிப் போயிடும் டாக்டர்."

ஒன்பது வருடம் ஒரே லிஃப்டில் நின்றவர்கள், நான்கு வருடம் சாக்கட்டியால் சண்டை போட்டவர்கள். இரண்டும் ஒரே ஆட்கள் என்று அன்றுதான் தெரிந்தது.

படகு தண்ணீரைத் தொட்டதும் கைதட்டல் எழுந்தது. கிரேனின் பட்டைகள் தளர்ந்தன. கைதட்டல் மெல்ல மெல்ல இளைத்துக் கடைசியில் ஓர் ஆள் மட்டும் தட்டிக்கொண்டிருந்தார், அவரும் நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமைப் பக்கம் தண்ணீருக்குள் கூடுதலாக இறங்கியிருந்தது. அளந்தால் மூன்று விரல்கடை.

"ஆளுங்க அந்தப் பக்கம் நிக்கறதால அப்படித் தெரியுது" என்றார் பேக்கரிக்காரர், படகின் மேலே இருந்து.

கண்டக்டரம்மா தன் பையைக் கரையில் கல்தூண் மேல் வைத்தார். குரலை உயர்த்தினார். அந்தக் குரலுக்கு எதிர்ப்பேச்சே கிடையாது. "எல்லாரும் இறங்குங்க. ஒருத்தர் இருக்கக் கூடாது. வண்டி காலியா நிக்கறதை நான் பாக்கணும்."

காலியானது. அவர் ஏறினார். செருப்பைக் கழற்றினார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கும் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கும் நடந்தார். கரையில் இருபது பேர் ஒரு முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லாக் கட்டியிருக்கீங்க" என்றார் இறங்கி வந்து. "ஆனா சாயுதுங்க. நீங்க போய்ட்டு வாங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. லிஃப்ட்காரர் கையிலிருந்த கயிற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். ஆறு வருடம், நாற்பத்திரண்டு அடி, இருபது பேர், எல்லாம் மூன்று விரலில் போயிற்று.

பிறகு நடந்த கூச்சலை முழுக்க எழுதினால் தாள் போதாது. டாக்டர், ஞாயிற்றுக்காரர்கள் ஐந்தாவது அடுக்கைச் சுரண்டி எடுக்க வேண்டும் என்றார். "உங்க வாயில இருக்கற பல்லைப் புடுங்குவீங்களா டாக்டர், எதிர் வீட்டுக்காரனுக்குப் பல்லு இல்லைன்னு?" என்று டைப்பிஸ்ட் அம்மா கேட்டார். அதற்குள் லிஃப்ட்காரர் ஓடிப்போய், லிஃப்டைச் சோதிக்க வைக்கும் இரும்பு எடைகளைத் தன் பழைய பட்டறையிலிருந்து வண்டியில் கொண்டு வந்துவிட்டார். ஒவ்வொன்றும் இருபது கிலோ. சனிக்கிழமைப் பக்கம் ஒவ்வொன்றாக அடுக்கினார். பதினெட்டாவது எடை வைத்ததும், மட்டம் பார்க்க மேடையில் வைத்திருந்த ரசமட்டத்தின் குமிழி நடுவுக்கு வந்தது. முந்நூற்று அறுபது கிலோ.

"அவ்வளவுதான்! இதை இங்கயே வெச்சுக் கட்டிட்டா..."

"ஊரு சுத்தப் போறோமா, இரும்புக் கடை வெக்கப் போறோமா?" என்றார் மனைவி கரையிலிருந்து. டாக்டரோ, தான் கிராம் கிராமாகக் குறைத்த உடம்பில் பதினெட்டு இரும்புக் கட்டிகளைப் பார்த்து, உட்கார இடம் தேடினார்.

லிஃப்ட்காரர் கட்டிகளை எல்லாம் இறக்கினார். காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்தார். வெகுநேரம் கணக்குப் போட்டார், நடுவில் ஒருமுறை நிமிர்ந்து கரையில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார். பிறகு சொன்னார்: ஞாயிற்றுப் பக்கம் விளக்குகளுக்காக வைத்த ஆறு பேட்டரி இருக்கிறது, மொத்தம் நூற்றைம்பது கிலோ. அதை அங்கிருந்து எடுத்து இங்கே வைத்தால் அங்கே நூற்றைம்பது குறையும், இங்கே நூற்றைம்பது கூடும். வித்தியாசத்தில் முந்நூறு போய்விடும்.

ஆனால் அதற்குச் சனிக்கிழமைப் பக்கம் பேட்டரிக்கு ஓர் அறை வேண்டும். அறைக்குத் தளத்தை வெட்ட வேண்டும். தளம் டாக்டர் தன் கையால் கண்ணாடி போலத் தேய்த்தது.

"வலிக்காது டாக்டர்" என்றார் பேக்கரிக்காரர். "கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும், அவ்வளவுதான்."

முப்பது வருடமாக ஊரார் வாயில் துளை போட்ட மனிதர், அந்த வெட்டு விழுகிற நேரத்தில் துறையின் மறுகோடிக்குப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெட்டியது பேக்கரிக்காரர். எடை பார்த்துக் கலக்கிப் பழகிய கை, கோணாமல் வெட்டியது. ஓரத்துக்குப் பட்டி வைக்க டாக்டரே திரும்பி வந்தார், "தள்ளுங்க, அது அப்படி இல்ல" என்று. அந்த வாரம் கிழமை பார்க்காமல் எல்லோரும் எல்லாப் பக்கமும் வேலை செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அலமாரிகளைத் திறந்து பார்த்த டாக்டர், "இவ்வளவு வழவழப்பா?" என்று வாய்விட்டுச் சொன்னதை டைப்பிஸ்ட் அம்மா மூன்று பேரிடம் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டார்.

புதன்கிழமை காலை மறு பரீட்சை. பேட்டரிகள் இடம் மாறியாயிற்று. ரசமட்டத்தை மேடையில் வைத்தார்கள். குமிழி நடுவுக்கு மிக அருகில் வந்து, இன்னும் கொஞ்சம் சனிக்கிழமைப் பக்கமே நின்றது.

"டூல் பெட்டி எங்க இருக்கு?" என்றார் டாக்டர்.

ஞாயிற்றுப் பக்கம்தான் இருந்தது. முப்பது கிலோ.

"அதைத் தூக்கி இந்தப் பக்கம் வெச்சா முடிஞ்சுது. கணக்கு சரியா வருது."

"அது அங்கயே இருக்கட்டும் டாக்டர்."

"ஏன்?"

"கைக்கு எட்டணும்."

"எட்டறதுக்கு எந்தப் பக்கமா இருந்தா என்ன?" டாக்டர் பெட்டியைத் தூக்கப் போனார். லிஃப்ட்காரர் அதன் மேல் உட்கார்ந்துகொள்ளப் பார்த்தார், தன் எடையும் அந்தப் பக்கம் சேருமே என்று நினைவு வந்து சட்டென்று நடு மேடைக்கே வந்து நின்றார். ஆனால் முகத்தில் இருந்த பிடிவாதத்தைப் பார்த்து டாக்டர் கையை எடுத்துவிட்டார். முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு லிஃப்டையும் மட்டம் பிசகி நிறுத்தாதவர், முடிந்துபோன கணக்கை ஏன் முடிக்க விடமாட்டேன் என்கிறார்? யாருக்கும் விளங்கவில்லை.

மனைவி அன்று போலவே பையைக் கல்தூண் மேல் வைத்துவிட்டு ஏறினார். எல்லோரையும் முன்பு போலவே இறக்கிவிட்டார், கணவரைத் தவிர. நடந்தார், திரும்பி நடந்தார்.

"முன்னைக்கு எவ்வளவோ தேவலை. அரை விரல் இருக்குங்க இன்னும்."

"தெரியும்" என்றார் அவர். "அந்தச் சனிக்கிழமைப் பக்கம் கேபின்ல, ஜன்னலோரமா இருக்கற இருக்கையில கொஞ்சம் உக்காந்து பாரு."

"சாயறது உக்காந்தா சரியாயிடுமா?"

"உக்காரேன்."

அவர் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு இறங்கி உட்கார்ந்தார். கரையிலிருந்தே மேடையின் விளிம்புக்குத் தலையை நீட்டி ரசமட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பேக்கரிக்காரர், "அம்மா, குமிழி... குமிழி..." என்றார். நடுவில் வந்து நின்றிருந்தது.

உள்ளே இருந்து குரல் வந்தது: "குமிழிக்கு என்னப்பா?"

என்னவென்று பார்க்க அந்தம்மா எழுந்து மேலே வந்தார். குமிழி நகர்ந்தது. அவர் ரசமட்டத்தைப் பார்த்தார். திரும்பப் போய் உட்கார்ந்து, திரைச்சீலையை விலக்கிப் பிடித்தபடி எட்டிப் பார்த்தார். குமிழி நடுவுக்கு வந்தது. மறுபடி எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். பிறகு கணவரைப் பார்த்தார்.

"எத்தனை கிலோன்னு கணக்கு வெச்சீங்க?"

ஊர் கேட்க ஒரு பெண்ணின் எடையைச் சொல்கிற அளவுக்கு அவர் அசடு இல்லை. குனிந்து ஜன்னல் வழியாகக் காதில் சொன்னார்.

"ரெண்டு கிலோ கூடச் சொல்றீங்க."

"உன் பையோட சேத்து."

அந்தம்மா கொஞ்ச நேரம் இடது காலை நீட்டி, பாதத்தைத் தரையில் அழுத்தி வைத்துப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார்.

"அந்தக் கல்லு மேல என் பை இருக்கு. யாராவது எடுத்துக் கொடுங்கப்பா."